ஒரம்பரை

ஜூன் 1, ஞாயிறு

நேற்றோடு பணி ஓய்வு. முப்பத்து மூன்று வருடம் தாவரவியல் நடத்தியிருக்கிறேன். அதில் பதினொரு வருடம் பொதுத்தேர்வுக்குப் பறக்கும் படை. சாக்ஸுக்குள்ளிருந்தும் பெல்ட்டுக்குள்ளிருந்தும், ஒரு முறை ரெட்டைப் பின்னலுக்குள்ளிருந்தும் பிட்டு எடுத்திருக்கிறேன். "திலகவதி டீச்சர் வராந்தாவில் நடக்கிற சத்தம் கேட்டாலே பிள்ளைகள் பிட்டை வாயில் போட்டு விழுங்கிவிடுவார்கள்" என்று தலைமையாசிரியர் மேடையில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சால்வை இருபத்து மூன்று, சுவர்க்கடிகாரம் மூன்று, இந்த நாட்குறிப்பு ஒன்று. பாதி வருடம் போன பிறகு நாட்குறிப்பு பரிசளிக்கும் யோசனை கணக்கு டீச்சருக்குத்தான் வரும். இருந்தாலும் எழுதப்போகிறேன். வெட்டியாக உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

குடும்பத்தினர் மேடைக்கு வரவும் என்று அறிவித்தார்கள். என் மகன் சிவநேசன் மட்டும் வந்து நின்றான். போதும்.

ஜூன் 3, செவ்வாய்

நேசன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் பொறியாளர் வேலை. வயது முப்பத்திரண்டு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை திருச்சி வருவான். வந்தால் சாப்பிடுவான், தூங்குவான், போய்விடுவான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை கார்ல வரேன். தாராபுரம் பக்கம் நொச்சிப்பாளையம்னு ஒரு சின்ன ஊர். ரெண்டு நாள் போயிட்டு வரலாம்."

"அங்க என்னடா இருக்கு?"

"ஒரு தோட்டத்து வீடும்மா. தங்கலாம். நல்ல மனுஷங்க. உங்களுக்கும் ஓய்வா இருக்கும். அங்க வச்சு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்."

ஹோம்ஸ்டே என்பார்கள். இப்போது அதுதான் நாகரிகம். நகரத்துக்காரர்கள் போய்த் தென்னைமரத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

என்ன சொல்லப்போகிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் கம்பெனிக்குத் திருச்சியில் கிளை திறக்கிறார்களாம், போன மாதமே வாய்தவறிச் சொல்லிவிட்டான். மாற்றல் கேட்டிருக்கிறான். அம்மா இனி தனியாக இருப்பாளே என்று யோசித்திருக்கிறான். எனக்குத் தனியாக இருப்பதில் ஒரு பயமும் கிடையாது. ஆனாலும் வந்தால் நல்லதுதான்.

ஜூன் 4, புதன்

அலமாரியில் இரண்டு தட்டு காலி செய்தேன், நேசன் துணிகளுக்கு.

ஜூன் 5, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. சேலை நான்கு, மாத்திரை, கொசுவர்த்தி, டார்ச், சிவப்புப் பேனா. சிவப்புப் பேனா எதற்கென்று கேட்டால் பதிலில்லை, அது இல்லாமல் நான் எங்கும் போனதில்லை.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் நிறுத்தி, "ஊருக்குப் போறீங்களா டீச்சர்? சாரும் வர்றாரா?" என்றாள். இருபத்து மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: பேச்சை மாற்றாமல், முகத்தையும் மாற்றாமல், அப்படியே நடந்துவிடுவது. இன்றும் குப்பைக்கூடையோடு அப்படியே நடந்தேன். குப்பை வண்டி போய்விட்டது.

ஜூன் 6, வெள்ளி

நொச்சிப்பாளையம். மாலை ஆறரை. அறை சுத்தம், கட்டில் உறுதி, மின்விசிறி சத்தமில்லை. இதுவரை திருப்தி.

வழியில் கரூர் வந்தது. நேசன் பைபாஸில் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். மூன்று வருடம் முன்பு அவனுக்கு அங்கேதான் ஒரு பெண் பார்த்தோம். அவனோடு கல்லூரியில் படித்தவள். எனக்குப் பிடிக்கவில்லை, முடி ரொம்ப மெலிசு. காபி வந்தது, தண்ணீர் வந்தது, எதையும் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அதில் ஒரு வசதி உண்டு. சம்மதம் இருந்தால்தான் பையன் வீட்டார் பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். கை நனைக்காமல் வந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, புரிந்துகொள்வார்கள். நேசனும் அன்றைக்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறந்துவிட்டான். அதன் பிறகு வேறு பெண் பார்க்கலாமா என்று கேட்டபோதெல்லாம் வேலை அதிகம் என்றான்.

தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள். கண்ணுக்கெட்டியவரை சுற்றுகின்றன. நேசன் வழி கேட்காமலே ஓட்டினான். வேகத்தடை வரும் முன்பே மெதுவாக்கினான், பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் இடதுபக்கம் திரும்பினான். மேப்பை வீட்டிலேயே பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே மனப்பாடத்தில் கெட்டி.

வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். அறுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. கேட்டுக்கே வந்து கைகூப்பினார்.

"வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? மரகதம், ஒரம்பரை வந்துட்டாங்க பாரு."

ஒரம்பரை என்றால் இவர்கள் பாஷையில் வாடிக்கையாளர் போலிருக்கிறது. நல்ல சொல். மரகதம் அவர் மனைவி. ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். ஒரு கறுப்பு நாய் நேசன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, குரைக்கவே இல்லை. வருகிறவர்களிடம் எப்படி நடக்க வேண்டும் என்று நாய்க்குக்கூடப் பழக்கியிருக்கிறார்கள்.

"வருகைப் பதிவேடு எங்க?" என்று கேட்டேன். தங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாமல் தங்குவது எனக்குப் பிடிக்காது. சென்னியப்பன் நேசனைப் பார்த்தார், நேசன் மேலே பார்த்தான். பிறகு உள்ளேயிருந்து பால் சங்கத்துப் பழைய நோட்டு ஒன்று வந்தது. கோடு போட்டு, பெயர், ஊர், தேதி, வந்த நோக்கம் என்று நானே நான்கு பத்தி பிரித்துக் கொடுத்தேன். வந்த நோக்கம்: ஓய்வு. அவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"ரெண்டு நாள் இருந்து வீடு வாசல், ஊரு, மனுசங்க எல்லாம் நிதானமாப் பாருங்க. உங்களுக்கு ஒத்து வந்தாப் போதுமுங்க, எங்களுக்கு வேற எண்ணமில்லை" என்றார். வியாபாரத்தில் இவ்வளவு பணிவை நான் பார்த்ததில்லை.

காபியும் கச்சாயம் என்ற வெல்லப் பலகாரமும் அவர்கள் மகள் கொண்டுவந்தாள். பெயர் கோகிலவாணி, வாணி என்று கூப்பிடுகிறார்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. காபி கொடுக்க இவ்வளவு தேவையில்லை. ஆனால் கை நடுங்கவில்லை, தட்டை நேராகப் பிடித்திருந்தாள். அது பிடித்திருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு நேசன் என்னைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் அவனைக் கேட்காமலே இரண்டு ஆனியன் ஊத்தப்பம் வைத்தார். ஊரில் அதுதான் கிடைக்கும் போல.

ஜூன் 7, சனி

நிறைய எழுத வேண்டும். நல்ல நாள்.

காலை ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பினேன். சின்ன ஊர். இரண்டு மருந்துக்கடை, ஒரு உரக்கடை, சனிக்கிழமைச் சந்தை, அதையடுத்துப் பால் சங்கம். காற்று சேலையைப் பிடுங்குகிறது. சங்கத்து வாசலில் கேன்களோடு வரிசை. உள்ளே மேசைக்குப் பின்னால் நேற்றைய பட்டுப்புடவைப் பெண், இன்று சாதாரணச் சுடிதாரில். ஒவ்வொரு கேனிலிருந்தும் பால் எடுத்து, தண்ணீர்க் கலப்பைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்து எழுதுகிறாள். ஓரமாக நின்று பார்த்தேன். மேற்பார்வை என் ரத்தத்தில் ஊறியது.

கழுத்தில் கனமான சங்கிலி போட்ட ஒருவர் கேனை வைத்தார். அவள் பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"மாமா, இருபத்தி மூணுதான் காட்டுதுங்க. கேனை எடுத்துட்டுப் போயிருங்க."

"மாடு தண்ணி நெறையக் குடிச்சிருக்கும் அம்முணி. ஒரு நாளைக்கு உட்டுரு."

"மாடு குடிச்சதுங்களா, கேன் குடிச்சதுங்களா? என்ற அப்பன் பாலையே போன மாசம் திருப்பி அனுப்பிச்சேனுங்க. அடுத்தவங்க வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கேனைத் தூக்கிக்கொண்டு போனார். இந்தப் பெண் பறக்கும் படைக்குப் பிறந்தவள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

வேலை முடிந்ததும் என்னோடு நடந்துவந்தாள். படித்தது பால்வளம், வயது இருபத்தொன்பது. இந்தச் சங்கத்தை விட்டுப்போக மனமில்லை என்றாள். அவள் வந்த பிறகுதான் பாலில் தண்ணீர் குறைந்ததாம். நான் பிட்டு பிடித்த கதைகளைச் சொன்னேன். ரெட்டைப் பின்னல் கதைக்குச் சாலையில் நின்று சிரித்தாள். இப்படி ஒருத்தி நேசனுக்கு அமைந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவனுக்குத்தான் கல்யாண யோசனையே இல்லையே.

இன்னொன்றும் எழுத வேண்டும். இந்த ஊரில் இதுவரை ஒருவர்கூட என்னிடம் எதிர்வீட்டுப் பெண் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சென்னியப்பன், மரகதம், வாணி, சந்தையில் பேச்சுக் கொடுத்த தக்காளிக்காரி உட்பட. திருச்சியில் ஆட்டோவில் ஏறினால் இறங்குவதற்குள் கேட்டுவிடுவார்கள். நாகரிகம் என்பது பெரிய ஊரில் இருப்பதில்லை என்று தெரிகிறது.

காலைச் சிற்றுண்டியும் பொட்டலத்தில்தான் வந்தது, நேசன் போய் வாங்கிவந்த இட்லி. எனக்குக் கோபம் வந்தது.

"ஏன்டா, தங்கற எடத்துல சாப்பாடு கிடையாதா?"

"மதியமும் வெளியிலயே சாப்ட்டுக்கலாம்மா."

"சமையக்கட்டுலேர்ந்து நெய் வாசனை வருது. விருந்து சமைக்கறாங்க. நமக்கு மட்டும் ஊத்தப்பமா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் நிற்கவில்லை. பறக்கும் படை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நேராகச் சமையலறைக்குப் போனேன். மரகதம் அடுப்பருகில் நின்றிருந்தார், சென்னியப்பன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இருவரும் எழுந்து நின்றார்கள்.

"நேத்துலேர்ந்து பாக்கறேன். காபி, பலகாரம், மறுபடி காபி. எங்களுக்குச் சாப்பாடு எங்க? எலையப் போடுங்க. நான் இங்கதான் சாப்பிடப்போறேன்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். சேவையில் குறை இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்னியப்பன் கையிலிருந்த தேங்காய்மூடி கீழே விழுந்தது. மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார், பக்கத்தில் வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது. பிறகு ஒரே ஓட்டம். யார் யாருக்கோ போன் போயிற்று. கால் மணி நேரத்தில் சென்னியப்பனின் அக்கா பாவாயி மொபெட்டில் வந்து இறங்கினார், பின்னாலேயே ஏழெட்டுப் பேர். கூடத்தில் தலைவாழை இலை. கை கழுவ எழுந்தால், வீட்டுக்காரரே சொம்பில் தண்ணீர் ஊற்றினார்.

ஒப்பிட்டு, அதாவது நம் ஊர்ப் போளி, கொள்ளுப்பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பச்சைப்புளி ரசம், தயிர். எல்லாமே முதல் தரம். நான் முதல் கவளம் எடுத்தபோது பதிமூன்று பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து வாயில் வைத்ததும் பாவாயி பெரிதாகக் குலவையிட்டார். ஆசிரியர் என்றால் கிராமத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது. நேசன் மட்டும் இலையில் கை வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா, சாப்பிடு" என்றேன். குனிந்துகொண்டான்.

"நெம்ப சந்தோசமுங்க. நீங்களா வாய்விட்டுக் கேட்டு உண்ண வந்தீங்க பாருங்க, இது ஒண்ணு போதும்" என்றார் சென்னியப்பன். "எங்க வீட்டுச் சண்டையெல்லாம் போன வருசமே முடிஞ்சுதுங்க. உங்க பக்கம் என்ன ஆகுமோன்னுதான் இருந்துச்சு." சமையல் விஷயமாக வீட்டுக்குள் சண்டை இருந்திருக்கும். நான் தலையாட்டினேன்.

சாயந்திரம் வாணி காபி கொண்டுவந்து, "அத்தை, சக்கரை சரியா இருக்குதுங்களா?" என்றாள். காலையில் டீச்சர் என்றவள். இங்கெல்லாம் எல்லோரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நேசன் இன்னும் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. நாளை வரை நேரம் இருக்கிறது. நான் தெரியாதது போலவே இருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு, காலை

ஏழு மணிக்குப் பாவாயி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஆடி வந்துச்சுன்னா நல்ல காரியம் பேச முடியாது. தட்டு ஆனியிலயே மாத்திக்கலாமுங்களா?"

தட்டு மாற்றுவது என்றால் எந்த ஊரிலும் ஒன்றுதான். நிச்சயதார்த்தம்.

விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்க எனக்குத் தெரியும். அப்படியே இருந்து, "ஒரம்பரைன்னா என்னங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒறவுங்க. உங்களாட்டச் சம்பந்தம் பண்ண வர்றவங்க. உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா?"

அறைக்கு வந்து கதவைச் சாத்தி, சிவப்புப் பேனாவை எடுத்து இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். நாய், வேகத்தடை, ஊத்தப்பம், பட்டுப்புடவை, வெங்காயம். எல்லா விடையும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒரு இடத்தில்கூட அவன் லாட்ஜ் என்றோ ஹோம்ஸ்டே என்றோ சொல்லவில்லை. தோட்டத்து வீடு, தங்கலாம், நல்ல மனுஷங்க. சொன்னது மூன்றும் உண்மை. மிச்சத்தை நானே எழுதிக்கொண்டேன். பதினொரு வருடம் பறக்கும் படையாம். வெட்கமாக இருக்கிறது.

அதைவிடக் கோபமாக இருக்கிறது. என் மகன் என்னை ஏமாற்றி ஒரு வீட்டில் கை நனைக்க வைத்திருக்கிறான். இப்போதே பெட்டியைக் கட்டலாம். லாட்ஜ் என்று நினைத்தேன், மன்னிக்கவும் என்றால் முடிந்தது. சொல்லிவிட்டுப் போனால் இந்தப் பெண் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்பது என் பிரச்சினை இல்லை.

போய் அவனிடம் கேட்கிறேன்.

அதே நாள், பதினொரு மணி

மோட்டார் அறையில் பிடித்தேன். வேலையே இல்லாத இடத்தில் ஒரு ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"ஒரு வருஷமாம்மா. சர்வீஸ் கேம்புக்கு வந்தப்ப சங்கத்துல மோட்டார் பாத்தேன், வாணியையும் அங்கதான் பாத்தேன். அப்பறம் திருச்சி வராத சனிக்கிழமையெல்லாம் இங்க வந்துட்டேன். வழியில சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். கரூர் வந்ததும் வாய் வரல."

"கரூர் வந்தா என்னடா? அந்தப் பொண்ணுக்கு முடி…"

"அம்மா." அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "முடி இல்லம்மா காரணம். அந்தப் பொண்ணோட மாமா, 'உங்கப்பா எங்க, வரலையா'ன்னு கேட்டார். நீங்க எழுந்துட்டீங்க. தண்ணி டம்ளர் அப்படியே இருந்துச்சு. கார்ல நீங்கதான் முடின்னு சொன்னீங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவன் ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தான்.

"இந்த வீட்ல யாரும் அதைக் கேக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சேன். பாவாயி அத்தைகிட்ட வாணி சத்தியமே வாங்கியிருக்கா. தக்காளிக்காரம்மாவும் அவங்க சொந்தம்தான்."

நான் நேற்று நாகரிகம் என்று எழுதியது பயம். ஒரு ஊரே என்னைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. தலைமையாசிரியர் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது, சிரிப்பு வரவில்லை. நான் நடக்கிற சத்தம் கேட்டால் பிட்டை விழுங்கிவிடுவார்கள். என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் மூன்று வருடமாக விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் அதை மறதி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பி நடந்தேன். தண்ணீர்த் தொட்டியருகில் வாணி எனக்காகவே நின்றிருந்தாள். அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்திருந்தது.

"அத்தை… இல்லைங்க, டீச்சர். நீங்க ஒரம்பரைன்னா என்னன்னு கேட்டதைப் பாவாயி அத்தை சொன்னப்பத்தான், இவரு உங்ககிட்டச் சொல்லாமயே கூட்டியாந்தாருன்னு எனக்குத் தெரியுமுங்க. நல்லாக் கேட்டுட்டேன். நேத்து நீங்க தெரியாம உண்டீங்க. அதைச் செல்லும்னு நான் புடிச்சுக்க மாட்டேன். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா, லாட்ஜுன்னு நெனச்சேன்னு அப்பாகிட்டச் சொல்லிருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன். ஊரு ரெண்டு மாசம் பேசும். அப்பறம் எவன் பால்ல தண்ணி ஊத்துனான்னு பேசப் போயிரும்."

பதினொரு வருடத்தில் ஒரே ஒரு பிள்ளை, மணப்பாறையில், நான் பக்கத்தில் போகும் முன்பே எழுந்து நின்று பிட்டைக் கையில் கொடுத்தாள். "இன்னும் பாக்கல டீச்சர், ஆனா வச்சிருந்தேன்" என்றாள். விதிப்படி அவளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நான் பிட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுத விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

"அவன் இனிமே எங்கிட்ட எதையாவது மறைச்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"லாக்டோமீட்டர் வெச்சிருக்கேனுங்க" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் காட்டவில்லை. "மதியம் எத்தனை மணிக்கு எலை போடுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். பாவம், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நின்றாள்.

அதே நாள், மாலை, கிளம்பும் முன்

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். நேற்று என் கையைப் பார்த்த பதிமூன்று பேரும் இருந்தார்கள். சென்னியப்பன் சொம்போடு என் பக்கத்தில் வந்தார். நான் கையை நீட்டவில்லை.

"உக்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். வகுப்பறைக் குரலில் சொல்லிவிட்டேன் போல, குழந்தைகள்கூட அடங்கின. நேசன் தூணோடு தூணாக நின்றான். கரூரிலும் இப்படித்தான் நின்றிருப்பான், நான் பார்க்கவில்லை.

"நேத்து நான் இது தங்கும் விடுதின்னு நினைச்சு சாப்பிட்டேன். எம் பையன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அதனால நேத்து சாப்பிட்டது செல்லாது."

சென்னியப்பன் கையில் சொம்பு அப்படியே நின்றது. மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாணி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

"இன்னொண்ணு. ரெண்டு நாளா நீங்க யாரும் எங்கிட்டக் கேக்காத கேள்விக்கு நானே பதில் சொல்லிடறேன். இவன் அப்பா பேரு வைத்தியநாதன். இவனுக்கு ஒன்பது வயசுல எங்களை விட்டுட்டுப் போனார். ஓசூர்ல வேற குடும்பத்தோட இருக்கார். நல்லா இருக்கார்னு கேள்வி. பத்திரிகையில அவர் பேரைப் போடறதா வேண்டாமான்னு இவன் முடிவு பண்ணட்டும், எனக்கு ரெண்டும் சம்மதம். இதுல நான் மறைக்க ஒண்ணுமில்ல. இத்தனை நாள் இருக்குன்னு நினைச்சு எல்லாரையும் பயமுறுத்தி வச்சிருந்தேன்."

இருபத்து மூன்று வருடத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் கூடம் அப்படியேதான் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. முதலில் பேசியது பாவாயி.

"அப்பாடி. இதைக் கேக்காம ரெண்டு நாளா வாயைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியுமுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் சென்னியப்பன் முன்னால் வலது கையை நீட்டினேன்.

"ஊத்துங்க சம்பந்தி. இன்னைக்குத்தான் கை நனைக்கறேன்."

அவர் ஊற்றியதில் பாதித் தண்ணீர் என் சேலையில் கொட்டியது. நேசன் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் அப்படிச் சாப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. ஒப்பிட்டு நேற்றைவிட இன்று நன்றாக இருந்தது.

கிளம்பும்போது பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். வந்த நோக்கம் என்ற இடத்தில் ஓய்வு என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பெண் பார்க்க என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். திருத்தம் செய்தால் ஒப்பமிட வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

திருச்சி. துணி துவைத்தேன். கறிவேப்பிலைச் செடி வாடியிருந்தது, தண்ணீர் விட்டேன்.

மாற்றல் என்று ஒன்று இல்லவே இல்லை. நேசன் காரில் வரும்போது சொன்னான். வாணி சங்கத்தை விட மாட்டாள், அதனால் தாராபுரத்தில் வீடு பார்த்துக்கொண்டு அவன் கோயம்புத்தூர் போய்வருவானாம். கரூர் பைபாஸ் வந்திருந்தது. நான் பாட்டைக் குறைத்தேன், அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். சாருலதா என்றான். இப்போது சேலத்தில் இருக்கிறாளாம், இரண்டு குழந்தைகளாம். நான் அன்றைக்குச் செய்தது தப்பு என்று சொன்னேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சரிம்மா என்றான்.

எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றிருந்தாள். நானே போய் நின்று, அவர் எங்களோடு இல்லை, ஓசூரில் இருக்கிறார் என்று சொன்னேன். அவள் திகைத்துவிட்டு, அப்படியா டீச்சர், காபி சாப்பிடுறீங்களா என்றாள். சாப்பிட்டேன். சுமாரான காபி.

அலமாரியில் நேசனுக்காக ஒதுக்கிய இரண்டு தட்டிலும் இருபத்து மூன்று சால்வையையும் அடுக்கினேன். அவன் துணி இங்கே வரப்போவதில்லை. நன்றாக இருக்கிற ஐந்தை எடுத்துத் தனியாக வைத்தேன், வெறுங்கையோடு போகக் கூடாது.

மதியம் பாவாயி போன் செய்தார்.

"ஏனுங்க, அடுத்த வெள்ளிக்கிழமை ஒரம்பரை வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன்.